கிட்டு சார் போடாத பந்து

தம்பி, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. ஜன்னல் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் இப்படி மாறி உட்கார்ந்துகொள்கிறேன். இடது காது. பிறவியிலேயே வந்ததில்லை. வயதானால் எல்லோருக்கும் வருவதுதான். எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது, இருபத்தாறு வயதில்.

நெற்றிப் பொட்டில் இருக்கிற பள்ளத்தைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. பரவாயில்லை, எல்லோரும் பார்ப்பார்கள். பைக்கில் விழுந்தீர்களா என்று கேட்பார்கள். பைக் இல்லை தம்பி. கிரிக்கெட் பந்து. அதுவும் யார் போட்ட பந்து? ஆர்வில் கிட்டன்ஸ். வெஸ்ட் இண்டீஸ். பார்படோஸ் தீவுக்காரர். கேள்விப்பட்டதில்லையா? உங்கள் மேல் தப்பில்லை. இந்தப் பேப்பரைப் பாருங்கள், நேற்றையது. விளையாட்டுப் பக்கம், கீழே மூலையில். 'முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் காலமானார்.' மொத்தம் நாலு வரி. கடைசி வரியைப் படியுங்கள். 'இந்தியச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு வேகத்தை இழந்தார். காரணம் தெரியவில்லை.'

காரணம் தெரியவில்லையாம். எழுதியவர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாரா? வேகத்தை இழந்தாராம்! அவருடைய வேகத்துக்கு அத்தாட்சி நான் இங்கே உயிரோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. தாமோதரசாமி. நீளம் என்றால் தாமு என்று போட்டிருக்கலாம். அதைச் சொல்லத்தான் சென்னைக்குப் போகிறேன். ஆபீஸுக்கே போய் நேரில் சொல்ல வேண்டும்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை. வேலை என்றால் கிரிக்கெட்தான். அந்தக் காலத்தில் மில்லுக்கு மில் டீம் இருந்தது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம். வெஸ்ட் இண்டீஸ் டீம் ஊருக்கு வருகிறது, காலேஜ் மைதானத்தில் மூன்று நாள் பயிற்சி ஆட்டம் என்றார்கள். அவர்களை எதிர்த்து ஆடுகிற டீமில் எல்லாம் மெட்ராஸ், பெங்களூர் ஆட்கள். உள்ளூர்க்காரன் ஒருத்தனாவது இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். ஆறாவது ஆள்.

எனக்குக் கல்யாணம் ஆன புதிது. பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வீட்டு ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு. என் சம்சாரம் கஸ்தூரி மூங்கில் காலரியில் முன்வரிசையில். அவர்களுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்று தெரியாது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார்கள், அவ்வளவுதான்.

போனேன். கிட்டன்ஸ் அந்தக் கோடியில் சைட் ஸ்கிரீன் பக்கத்திலிருந்து ஓடிவருகிறார். முதல் பந்து எனக்குக் கண்ணிலேயே படவில்லை, சத்தம்தான் கேட்டது. அடுத்தது ஒன்றைத் தடுத்தேன். அப்புறம் ஒன்றை அடித்தேன் தம்பி. கட் ஷாட். ஃபோர். மட்டை விளிம்பில் பட்டுத் தானாகப் போனது என்று இன்றைக்கும் சொல்கிற ஆட்கள் உண்டு. நான் அடித்தது. காலரியில் ஒரே கூச்சல். அதில் எங்கள் பெரியமாமனாருடைய குரல் தனியாகக் கேட்கிறது. "ஏனுங்க, நம்ம மாப்பிள்ளை இதுல எதுங்க? ரெண்டும் சட்டி கவுத்தாப்புலயே நிக்குதே!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹெல்மெட்டைச் சொல்கிறார். டீமுக்கு இரண்டே ஹெல்மெட், அவுட் ஆகிப் போகிறவன் உள்ளே வருகிறவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் இரண்டு பேர் தலையிலும் அதுதான். வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை முகம் தெரியவில்லை என்றால்? ஓவர் முடிந்ததும் நான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பன்னிரண்டாவது ஆளிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். கஸ்தூரி பக்கம் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினேன். அவள் கையைத் தூக்கினாள்.

இது இன்றைக்குக் கஸ்தூரியைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்களிடம் பேச்சுவாக்கில் சொல்கிறேன். பேப்பர் ஆபீஸில் சொல்லப்போவதில்லை. ஹெல்மெட் இருந்தது, இவனே கழற்றிவிட்டான் என்றால் அப்புறம் அந்தப் பந்துக்கு என்ன மதிப்பு?

கிட்டன்ஸுடைய அடுத்த ஓவர், முதல் பந்து. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. ஸ்கோர் மட்டும் சொல்கிறேன், பதினொன்று, ரிட்டயர்டு ஹர்ட். அடிபட்டு வெளியே போனால் அது அவுட் கிடையாது தம்பி. கணக்குப்படி கிட்டன்ஸ் என்னை அவுட் ஆக்கவே இல்லை. நான் இன்னும் நாட் அவுட்.

போட்டோ வைத்திருக்கிறேன், பாருங்கள். மறுநாள் பேப்பரில் வந்தது, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கீழே கிடப்பது நான். பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான். எப்படி நிற்கிறார் பாருங்கள், இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு. சிங்கம் மாதிரி! வேட்டை முடிந்து நிற்கிற மாதிரி இல்லை?

என்ன, அப்படித் தெரியவில்லையா? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் நான் ஆடவில்லை. ஆட முடியாமல் இல்லை, நானாகத்தான் விட்டேன். இடது கண்ணில் பந்து இரண்டாகத் தெரிந்தது, அது ஒரு சின்ன விஷயம். மில்லில் நல்ல மாதிரி பார்த்துக்கொண்டார்கள். ஸ்டோர் ரூமில் உட்கார்கிற வேலை கொடுத்தார்கள். தலைவலி வந்தால் நூல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் யார் மில்லுக்கு வந்தாலும் மேனேஜர் என்னைக் கூப்பிடுவார். "தாமு, இங்க வா. சார், கிட்டன்ஸ் பந்துல அடிபட்டவன் இவன்தான்." வந்தவர்கள் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். ஸ்டோர் கிளார்க்குக்கு யார் எழுந்து நிற்பார்கள், சொல்லுங்கள்.

கிட்டன்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தச் சுற்றுப்பயணத்தில் மீதி ஆட்டங்களில் அவருக்கு விக்கெட்டே இல்லை. எல்லாப் பந்தும் காலடியில். மேலே ஒன்றுகூட எழும்பவில்லை. ஊருக்குப் போனதும் டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஏதோ சின்ன ஊர்க் கிளப்பில் ஆடினார், காய்கறி வேன் ஓட்டினார் என்று பத்திரிகையில் வந்தது. குடி என்றார்கள், முதுகு என்றார்கள். ஆளுக்கொன்று. எனக்கு வருத்தம்தான். என்னைப் போல ஒரு ஆள் அப்புறம் அவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு கோச்சிங் படித்து, நாடு நாடாகப் போய்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் எங்கள் ஊருக்கே வந்தார். நம்புவீர்களா? எங்கள் மில் மூடிப் பல வருஷம் கழித்து, நூல் ஏற்றுமதி செய்கிற நவநீதன் என்று ஒருத்தர் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிரிக்கெட் அகாடமி ஆரம்பித்தார். வேகப்பந்துக்குக் கோச் வேண்டுமென்று கிட்டன்ஸைக் கூட்டிவந்தார். பேப்பரில் பார்த்த அன்றே நான் நவநீதன் வீட்டு வாசலில் போய் நின்றேன். தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அவர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, நெசமாவே நீங்கதானா? இத இப்பச் சொல்லிராதீங்க. ஆண்டு விழாவுக்கு வெச்சுக்குவோம். சர்ப்ரைஸு!"

அதுவரை நெட் கட்டுவது, மேட் விரிப்பது இதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னையும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். தொப்பியை மட்டும் கழற்றக் கூடாது.

நேரில் பார்த்தால் ஆள் பாதிதான் இருந்தார் தம்பி. முடியெல்லாம் வெள்ளை. ஒரு முட்டி மடங்காது. பையன்களுக்குக் கிட்டன்ஸ் என்று வாயில் வரவில்லை, கிட்டு சார் ஆக்கிவிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. கூப்பிட்டால் "ஆங்" என்பார், நம்மைப் போலவே.

ஆனால் கோச்சிங் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழிந்த கேன்வாஸ் ஷூவைக் கொண்டுபோய் ஸ்டம்புக்கு முன்னால் வைப்பார். அதை அடி, அதை அடி. நாள் முழுவதும் அதுதான். எவனாவது பந்தை மேலே எழுப்பினால் அன்றைக்கு அவன் பந்தைத் தொட முடியாது. "கிட்டு சார்கிட்ட ஒரு பவுன்சர் போட்டனுங்க, கிரவுண்டைச் சுத்த விட்டுட்டாருங்க" என்று பையன்கள் என்னிடம் வந்து அழுவார்கள். "சிங்கத்துகிட்ட வந்து கோலம் போடக் கத்துக்கறோம்ணா" என்பான் ஒருத்தன். இன்னொரு பழக்கம். நெட்டில் யார் மட்டை பிடிக்கப் போனாலும் அவரே போய், மோவாய்க்கு அடியில் கை விட்டு, ஹெல்மெட் வாரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொருத்தனையும், ஒவ்வொரு தடவையும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மா மாதிரி. அதற்கப்புறம்தான் பந்து போட விடுவார். பாதி நேரம் அதிலேயே போகும்.

என்னிடம் பிரியமாக இருந்தார். காலையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். என் மில் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்தது, அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். ஒருநாள் அவராகவே கேட்டார். "மிஸ்டர் தாமு, ரொம்ப வருஷம் முன்னால் இந்த ஊரில் ஆடியிருக்கிறேன். ஒரு பையனுக்கு அடிபட்டது. பிழைத்துவிட்டான் என்று எங்கள் மேனேஜர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரோ என்னவோ. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார்! சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நவநீதன் முகம் ஞாபகம் வந்தது. "தெரியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நெட்டுக்குப் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். விழா அன்றைக்கு எப்படிச் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா பிரமாதமான ஏற்பாடு. என் போட்டோவைத்தான் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள், துணி போட்டு மூடி. கீழே நான் கிடக்கிறேன், மேலே அவர். பக்கத்தில் ஒரு சிங்கத்தின் முகம், அது ஃப்ளெக்ஸ் அச்சடித்தவனே சேர்த்தது. வர்த்தக சேம்பர் தலைவர், இரண்டு தொழிலதிபர்கள், டிவிக்காரர்கள். கிட்டு சாருக்குப் பொன்னாடை போர்த்தி, சந்தன மாலை போட்டு, நடுவில் உட்கார வைத்தார்கள். மைக் பிடித்த பையன் கத்துகிறான். "மண்டையைப் பிளந்த மாவீரர்! பிளக்கப்பட்ட மண்டை இன்று மேடையில்!" துணியை இழுத்தார்கள்.

கிட்டு சார் திரும்பி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மேடையேறிப் போய் அவர் எதிரில் நின்று தொப்பியைக் கழற்றினேன். தலையைக் குனிந்து, அவர் கையை எடுத்து இந்தப் பள்ளத்தில் வைத்தேன். "சார், மைசெல்ஃப், சார்!" ஒரே கைதட்டல். எனக்குக் கேட்கிற காதில் கேட்டது. அவர் குனிந்து ஏதோ சொன்னார். இடது பக்கமாகச் சொன்னதால் கேட்கவில்லை. நான் நிமிர்ந்ததும் மறுபடி சொன்னார். "சாரி."

"நோ சாரி சார்! தேங்க் யூ சார்!" என்றேன். மைக்கில் வந்தது அது. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் முக்கியமான அயிட்டம். நான் காலில் பேட் கட்டிக்கொண்டு பிட்ச்சில் நிற்க வேண்டும், தலையில் ஒன்றும் இல்லாமல், அன்றைக்கு நின்ற மாதிரியே. அவர் ஒரு பந்து போட வேண்டும். மெதுவாகத்தான் தம்பி. உருட்டிவிட்டால்கூடப் போதும். டிவிக்குத்தானே. நவநீதன் பந்தை அவர் கையில் கொடுத்தார். நான் போய் நின்றேன். எத்தனையோ வருஷம் கழித்து மட்டையோடு நிற்கிறேன். காலரியில் கஸ்தூரிகூட உட்கார்ந்திருந்தாள், வரமாட்டேன் என்று சொன்னவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் அந்தக் கோடியில் நிற்கிறார். மாலை கழுத்திலேயே இருக்கிறது. என்னைப் பார்க்கிறார், என் தலையைப் பார்க்கிறார். குனிந்து பந்தைத் தரையில் வைத்தார். உருட்டவில்லை. வைத்தார், முட்டையை வைக்கிற மாதிரி. வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

சேம்பர் தலைவர் முன்னால் மானம் போய்விட்டது என்று நவநீதன் குதித்தார். "ஒரே ஒரு பந்துங்கண்ணா! அதக்கூடப் போடாத கோச்சு எனக்கெதுக்குங்க?" அந்த வாரத்தோடு கணக்கு முடித்து டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு பந்து. நான் என்ன விரோதியா? இவ்வளவு வருஷம் அவர் பெயரைத் தூக்கிச் சுமந்தவன்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். யாரும் கூட்டிவரவில்லை, தானாக ஆட்டோ பிடித்து, விலாசம் கேட்டுக் கேட்டு வந்தார். எங்கள் வீட்டு வாசல்நிலை அவருக்கு உயரம் குறைவு, குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. கஸ்தூரி இலை போட்டாள். சோறு, பருப்பு, கத்திரிக்காய்ப் பொரியல். அவசரத்துக்கு அவ்வளவுதான். கையாலேயே சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அன்றைக்கு உங்கள் தலையில் ஏன் ஒன்றும் இல்லை? உங்கள் டீமில் ஹெல்மெட்டே இல்லையா?"

"அந்தக் காலத்துல எங்க ஊர்ல ஏதுங்க சார் ஹெல்மெட்?" என்றேன். "புவர் கண்ட்ரி சார்."

அவர் தலையை ஆட்டினார். "நான் பார்த்தேன். என் முந்தின ஓவரில் நீங்கள் ஃபோர் அடித்தீர்கள். எனக்குக் கோபம். ஓடிவரும்போதே பார்த்தேன், பையன் தலையில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் போட்டேன்."

பாருங்கள் தம்பி, அவரே சொல்கிறார். ஃபோர் நான் அடித்ததுதான். விளிம்பில் பட்டுப் போகவில்லை.

கஸ்தூரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஹெல்மெட் என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள். "ஏனுங்க, அவருகிட்டச் சொல்லுங்க. தலையில இருந்துச்சு, நீங்கதான் கழட்டுனீங்க, நான் பாக்கோணும்னு கழட்டுனீங்க. அவரு மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லுங்க. சொல்லுங்க."

கிட்டு சார் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

நான் என்ன செய்ய? பெரிய மனிதர் இலையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் அதைப் போய் எடுப்பார்களா? அந்தப் பந்துதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை. என்னிடமும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கச் சொல்றா சார்" என்றேன்.

அவர் உடனே இலையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் போட்டாள். போடும்போது அழுதாள். அவர் அந்தச் சோறு முழுவதையும் சாப்பிட்டார், ஒரு பருக்கை விடாமல். அவரால் முடியவில்லை, தெரிந்தது.

நேற்றுப் பேப்பரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்தாள். "அன்னிக்கு நான் சொன்னத அவருகிட்டச் சொன்னீங்கதானே?" என்று கேட்டாள். சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். வயதானவள், எதற்கு அவளுக்குக் கஷ்டம். பஸ்ஸுக்கு வரும்போது அவளும் புறப்பட்டு நின்றாள், பேப்பர் ஆபீஸில் தானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டு வந்தேன்.

சேலம் வந்துவிட்டது போலிருக்கிறது. டீ குடிக்கப் போவதானால் போங்கள், பையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு ஆட்டோ வரை கொண்டுபோய் விட்டேன். ஏறப் போனவர் திரும்பி வந்தார். என் முன்னால் நின்று, குனிந்து, மோவாய்க்கு அடியில் கையை விட்டார். இரண்டு விரலால் எதையோ பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. மறுபடி ஒரு தடவை இழுத்தார். அப்புறம், சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

பழக்க தோஷம், பாவம். தினம் அத்தனை பையன்களுக்குச் செய்தவர் இல்லையா, கை தானாக வந்திருக்கும். நானும் அசையாமல், அவர் இழுக்கத் தோதாக மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.